போனஸ் வந்ததும் பர்சனல் லோனை முடிக்கப் போறீங்களா? கையெழுத்துக்கு முன்பே இதைப் பாருங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்பவர்கள் பர்சனல் லோன் வாங்கும்போது, "தீபாவளி போனஸ் வந்ததும் மொத்தமா கட்டி முடிச்சிடலாம்" என்று கணக்குப் போடுவது உண்டு. நல்ல யோசனைதான். ஆனால், முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

எவ்வளவு மிஞ்சும்?

2 லட்சம் ரூபாயை 14% வட்டிக்கு 36 மாதத் தவணையில் வாங்கினால், இஎம்ஐ சுமார் 6,836 ரூபாய். 12 தவணை கட்டிய பிறகு பாக்கி அசல் சுமார் 1,42,370 ரூபாய். அப்போதே முடித்தால் சுமார் 21,700 ரூபாய் வட்டி மிச்சம். கட்டணம் 4%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி என்றால் 6,720 ரூபாய் போய்விடும். கையில் நிற்பது சுமார் 15,000 ரூபாய்.

அதே கடனை 30 தவணைக்குப் பிறகு முடித்தால்? மிச்சமாகும் வட்டி சுமார் 1,620 ரூபாய். கட்டணமோ 1,860 ரூபாய். அதாவது நஷ்டம்!

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் புதிய விதி வந்துள்ளது. தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் கிடையாது. பாதி கட்டினாலும் முழுசா கட்டினாலும், பணம் எங்கிருந்து வந்தாலும் இதுதான் விதி. ஆனால், பர்சனல் லோன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுபவை. அவற்றுக்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யும்.

என்ன கேட்க வேண்டும்?

* வட்டி நிலையானதா, மாறுவதா?
* எத்தனை மாதம் கழித்து முடிக்கலாம்? பகுதித் தொகை கட்ட முடியுமா?
* கட்டணம் எத்தனை சதவீதம்? ஜிஎஸ்டி தனியா?

ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது. கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படித்துப் பார்க்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. அதில் குறிப்பிடாத கட்டணத்தைப் பின்னால் வசூலிக்க முடியாது.

ஒரு வருடத்தில் முடிப்பது உறுதி என்றால், வட்டி அரை சதவீதம் கூடுதலாக இருந்தாலும் கட்டணம் இல்லாத கடனே லாபம். மேலே சொன்ன கடனில் அரை சதவீதத்தால் முதல் ஆண்டில் கூடும் வட்டி ஆயிரம் ரூபாய்க்கும் குறைவுதான்.

கடனை முடித்ததும் 'பாக்கி இல்லை' சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். கட்டணத்தில் தகராறு என்றால், முதலில் கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.