குடும்பத்தில் புற்றுநோய் உண்டா? அறிந்திருத்தலே முதல் தற்காப்பு

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் எங்களிடம் பலமுறை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எனக்கு வந்த இந்த நோய் என் பிள்ளைகளுக்கும் வருமா?” தம் உடல் வலியைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கும் இக்கேள்வியைக் கேட்கும்போது குரல் தழுதழுத்துவிடுகிறது. உடன் வந்திருக்கும் மகனோ மகளோ அதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: “பாட்டிக்கு வந்தது, அம்மாவுக்கும் வந்துவிட்டது. அடுத்தது நான்தானா?”

புற்றுநோய்களில் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருபவை அல்ல. நூற்றில் ஏறத்தாழ 5 முதல் 10 வரையான புற்றுநோய்களே பிறவியில் பெற்ற மரபணுப் பிறழ்வினால் தோன்றுகின்றன. அத்தகைய பிறழ்வு இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை; பெரும்பாலான பிறழ்வுகளில் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதே பொருள். அந்த ஆபத்தைக் குறைக்கவும், நோய் வந்தால் தொடக்கத்திலேயே கண்டறியவும் இன்று வழிகள் உள்ளன. ஆனால் அவ்வழிகளுக்கெல்லாம் வாயில் ஒன்றுதான்: குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்னும் செய்தி. அச்செய்தி மறைக்கப்பட்டால் வாயிலும் அடைபட்டுவிடுகிறது.

மரபுவழியாக வருவது எது?

நம் உடலின் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. அப்போது மரபணுக்களில் சிறு பிழைகள் நேர்வது இயல்பு. அவற்றைத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகள் நமக்குக் கிடைக்கின்றன. திருத்தும் மரபணுவின் ஒரு படி பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், எஞ்சிய ஒரு படியே காவல் காக்க வேண்டியுள்ளது. ஏதேனும் ஓர் உயிரணுவில் அதுவும் பழுதாகும்போது புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. மரபுவழிப் புற்றுநோய்கள் இளவயதிலேயே தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

மார்பகப் புற்றுநோய் மரபுவழியாகவும் வரக்கூடும் என்பதற்கான உறுதியான சான்றை 1990ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங் அளித்தார். அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை அவர் காட்டினார். பி.ஆர்.சி.ஏ.1 எனப்படும் அம்மரபணு 1994இல் தனித்து அறியப்பட்டது. பி.ஆர்.சி.ஏ.2 அதனைத் தொடர்ந்து அறியப்பட்டது. இவ்விரண்டில் ஒன்றில் கேடு தரும் பிறழ்வு உள்ள பெண்களில் 100 பேருக்கு 60 பேருக்கும் மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியிலும், அரிதாக மார்பகத்திலும் நோய் தோன்றலாம்.

பெருங்குடல் புற்றுநோயிலும் இத்தகைய நிலை உண்டு. லிஞ்ச் நோய்க்குறித் தொகுப்பு எனப்படும் நிலையில், பெருங்குடலோடு கருப்பையின் உட்சுவரிலும் நோய் வரும் வாய்ப்பு மிகுகிறது.

இவ்விடத்தில் இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். தாயின் முகச்சாயலைக் கொண்ட மகளுக்கே தாயின் நோய் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். முகச்சாயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இத்தகைய பிறழ்வு இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. மார்பக நோய் தாய்வழியில் மட்டுமே வரும் என்பது மற்றொரு தவறான எண்ணம். தந்தை நோயின்றி வாழ்ந்தே அப்பிறழ்வை மகளுக்கு அளித்துவிடக்கூடும். ஆகவே அத்தையின் நோயும் தந்தைவழிப் பாட்டியின் நோயும் சித்தியின் நோயைப் போலவே கணக்கில் கொள்ளத்தக்கவை.

ஒரே குடும்பம், ஒரே பழக்கம்

ஒரு குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்தாலே அது மரபணுவால் வந்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது. குடும்பத்தினர் பகிர்ந்துகொள்வது குருதியை மட்டுமன்று. உணவையும் காற்றையும் பழக்கங்களையும் பகிர்ந்துகொள்கிறார்கள். பாட்டன் முதல் பேரன் வரை வெற்றிலையோடு புகையிலை போடும் வீட்டில் வாய்ப்புற்றுநோய் தொடர்ந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வெற்றிலைப் பெட்டியே. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்குக்கே புற்றுநோயை உண்டாக்கும் தன்மை உண்டு.

கல்லீரல் புற்றுநோயும் சில குடும்பங்களில் தொடர்வதுண்டு. ஹெப்படைட்டிஸ் பி நுண்கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றிப் பல்லாண்டுகள் உடலில் தங்கியிருப்பது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடத் தொடங்கினால் இத்தொடரை அறுத்துவிடலாம். வீட்டில் ஒருவருக்கு அத்தொற்று இருப்பது தெரிந்தால் மற்றவர்களும் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எப்போது மரபணு ஆலோசனை தேவை?

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று உங்கள் குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்:

• 50 வயதுக்குள் மார்பகம், பெருங்குடல் அல்லது கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்திருத்தல்
• எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய் வந்திருத்தல்
• ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருத்தல்
• இரு மார்பகங்களிலும் அல்லது ஒருவருக்கே இரு வேறு உறுப்புகளில் புற்றுநோய் தோன்றியிருத்தல்
• தாய்வழியிலோ தந்தைவழியிலோ, ஒரே பக்கத்தில் மூவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ ஒரே வகை அல்லது தொடர்புடைய புற்றுநோய்கள் வந்திருத்தல்
• நெருங்கிய உறவினர் ஒருவருக்கு மரபணுப் பிறழ்வு உறுதியாகியிருத்தல்

குடும்ப வரைபடம் வரைவது எப்படி?

மருத்துவர் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட, ஒரு தாளில் எழுதி எடுத்து வருவது நன்று. மூன்று தலைமுறைகள் போதும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் முதலில். அடுத்துப் பாட்டன் பாட்டியர், பெற்றோரின் உடன்பிறந்தோர், அவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் நேரே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: நோய் வந்த உறுப்பு, நோய் கண்டறியப்பட்டபோது வயது, இப்போது இருக்கிறாரா மறைந்துவிட்டாரா என்பது. நோயின்றி வாழ்ந்தவர்களையும் விடாமல் எழுதுங்கள். அவர்களின் நலமும் மருத்துவருக்கு ஒரு செய்தியே.

நம் உறவுச்சொற்கள் இதற்குப் பேருதவி புரிகின்றன. எனினும் சில சொற்கள் இருபொருள் தருவன. தாயின் தங்கையும் சித்தி. சித்தப்பாவின் மனைவியும் சித்தி. தாயின் உடன்பிறந்தவரும் மாமா. அத்தையின் கணவரும் மாமா. ஆகவே “அம்மாவின் தங்கை”, “அம்மாவின் அண்ணன்” என விரித்து எழுதுங்கள். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்த குடும்பங்களில் இரு பக்கமும் ஒரே குருதி வழியாக இருக்கும். அத்திருமண உறவுகளையும் வரைபடத்தில் காட்டுவது இன்றியமையாதது. அரிய சில நோய்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிறழ்வு வரும் வாய்ப்பு அங்கு மிகுதி.

முன்னோரின் நோய்க்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். “வயிற்றில் கட்டி”, “வயிறு வீங்கி இறந்தார்” என்று மட்டுமே வீட்டில் சொல்லியிருப்பார்கள். அச்சொற்களையே எழுதி வாருங்கள். பழைய மருத்துவச் சீட்டோ திசுப் பரிசோதனை அறிக்கையோ கிடைத்தால் அதனினும் நன்று.

பரிசோதனையும் அதன் முடிவுகளும்

மரபணுப் பரிசோதனைக்குச் சிறிதளவு குருதியோ உமிழ்நீரோ போதும். ஆனால் யாருக்குச் செய்வது என்பதில் ஒரு முறைமை உண்டு. இயன்றவரை, நோயுற்றவருக்கே முதலில் செய்ய வேண்டும். அவரிடம் பிறழ்வு கண்டறியப்பட்டால், அந்த ஒன்றை மட்டும் மற்ற உறவினரிடம் தேடினால் போதும். அவரைச் சோதிக்காமல் நலமாயிருக்கும் மகளை மட்டும் சோதித்து, ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தால் அம்முடிவை முழுமையாக நம்ப இயலாது. தேடப்பட வேண்டியது எது என்பதே அங்கு தெரியாது அல்லவா? எனவே சிகிச்சையில் இருக்கும் தாய் தரும் சிறிதளவு குருதி, அவருடைய பிள்ளைகள் அனைவருக்கும் வழிகாட்டுகிறது.

முடிவுகள் மூவகைப்படும். பிறழ்வு உண்டு என்பது ஒன்று. இல்லை என்பது மற்றொன்று. தாயிடம் கண்டறியப்பட்ட பிறழ்வு மகளிடம் இல்லையெனில், அப்பிறழ்வினால் வரும் கூடுதல் ஆபத்து அவருக்கு இல்லை. மூன்றாவது, பொருள் இன்னும் உறுதியாகாத மாற்றம். இம்மூன்றாம் வகை முடிவைக் கண்டு அஞ்சி அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளை எடுக்கக் கூடாது. இவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் பேசுவது அவசியம். முதிர்ந்த வயதில் மட்டுமே தோன்றும் நோய்களுக்காகச் சிறுவர்களைச் சோதிப்பதில்லை; 18 வயதுக்குப் பின் அவர்களே முடிவு செய்யட்டும்.

ஆபத்தைக் குறைக்கும் வழிகள்

*கண்காணிப்பு.* பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு உள்ள பெண்களுக்குப் பொதுவாக 25 வயது முதல் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், 30 வயது முதல் மேமோகிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. லிஞ்ச் பிறழ்வு உள்ளவர்களில் பலருக்கு 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையான கொலோனோஸ்கோபி செய்யப்படுகிறது. புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளை அப்போதே அகற்றிவிடலாம் என்பதால், இது நோயைக் கண்டறிவதோடு தடுக்கவும் செய்கிறது. பிறழ்வு இல்லாவிட்டாலும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரோ, எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 45 வயதில் வந்திருந்தால் தம்பிக்கு 35 வயதில் தொடங்க வேண்டும்.

*மருந்து.* மார்பகப் புற்றுநோய் ஆபத்து மிகுந்த சிலருக்குத் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. லிஞ்ச் பிறழ்வு உள்ளவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நாள்தோறும் ஆஸ்பிரின் உட்கொள்வது பெருங்குடல் புற்றுநோயைக் குறைப்பதாக ஆய்வு காட்டியுள்ளது. இவற்றுக்குப் பக்க விளைவுகளும் உண்டு. ஆகவே மருத்துவர் கூறாமல் எதையும் தாமாக உட்கொள்ள வேண்டாம்.

*அறுவைச் சிகிச்சை.* சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம்பகமான பரிசோதனை இல்லை. அதனால் பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வு உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றப் பரிந்துரைக்கிறோம். பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்கள் சில ஆண்டுகள் பொறுக்கலாம். இதனால் அந்நோயின் ஆபத்து ஏறத்தாழ 80 விழுக்காடு குறைகிறது. ஆனால் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிடும் என்பதால் எலும்பு, இதய நலனில் கவனம் தேவை. மார்பகங்களை அகற்றிக்கொள்வது மார்பகப் புற்றுநோய் ஆபத்தை 90 விழுக்காடு அளவுக்குக் குறைக்கிறது. நடிகை ஏஞ்சலினா ஜோலி இவ்வறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை 2013இல் வெளிப்படையாக எழுதியபோது உலகெங்கும் இது பேசுபொருளாயிற்று. எனினும் இது அனைவருக்கும் உரிய வழி அன்று. தொடர் கண்காணிப்பைத் தேர்ந்துகொள்வதும் மதிக்கத்தக்க முடிவே.

*அன்றாட வாழ்க்கை.* பிறழ்வு இருப்பினும் இல்லாவிடினும் இவை அனைவருக்கும் பொருந்தும். புகையிலையையும் பாக்கையும் அறவே விடுங்கள், மதுவைத் தவிருங்கள். வாரம் 150 நிமிடமாவது விரைந்து நடங்கள். உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுவது தாயின் மார்பகத்துக்கும் காப்பு. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குப் போடுங்கள்.

மறைப்பதால் நேரும் இழப்பு

இத்தனை வழிகள் இருந்தும், பல குடும்பங்கள் அவற்றை எட்டாமல் போவதற்குக் காரணம் மறைப்பே. “பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரிய வேண்டாம்” என்னும் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. அதைக் குறை கூறவும் நாங்கள் விரும்பவில்லை. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மகளுக்கும் மகனுக்கும் உடன்பிறந்தோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. 1954இல் சென்னை அடையாறில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனைக்கு அதுவே வித்தாயிற்று.

நோயுற்றவர்களுக்கு ஒரு சொல்: பிள்ளைகளுக்கு ஒரு பிறழ்வைக் கொடுத்துவிட்டோமே என்று குற்ற உணர்வு கொள்ளாதீர்கள். மரபணுவைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஆற்றல் எந்தப் பெற்றோருக்கும் இல்லை. உங்கள் கையில் இருப்பது செய்தியைக் கொடுப்பது மட்டுமே. உங்கள் தாய்க்கும் பாட்டிக்கும் கிடைக்காத முன்னறிவிப்பு, உங்கள் வாயிலாக உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

கவனித்துக்கொள்ளும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி சற்றுத் தெம்பாக இருக்கும் ஒரு மாலைப்பொழுதில் அருகமர்ந்து, வீட்டு மூத்தவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் அத்தையையும் பெரியப்பாவையும் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, மருந்துச் சீட்டோடு அந்தத் தாளையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.