நகர விலங்கு நல அமைப்புகளின் சேவைகள்: சென்னை புளூ கிராஸ்

நகர விலங்கு நல அமைப்பு என்பது அடிபட்ட, நோயுற்ற, கைவிடப்பட்ட விலங்குகளுக்கு மருத்துவமும் புகலிடமும் தரும் தன்னார்வத் தொண்டு நிறுவனம் ஆகும். பெயரில் விலங்கு மட்டுமே இருந்தாலும், இதன் சேவைகளில் பெரும்பங்கு மனிதர்களையும் சேர்ந்தே காக்கிறது. ஒரு தெருநாய்க்குப் போடப்படும் வெறிநோய்த் தடுப்பூசி, அந்தத் தெருவில் விளையாடும் குழந்தைக்கும் பாதுகாப்பு ஆகிறது. சென்னை கிண்டியில் வேளச்சேரி சாலையில் இயங்கும் இந்திய புளூ கிராஸ் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றம்

இந்திய புளூ கிராஸ் 1959-ஆம் ஆண்டு விமானி கேப்டன் வி. சுந்தரம் அவர்களால் சென்னையில் தொடங்கப்பட்டது. மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை அவர் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததே தொடக்கம் என்று அமைப்பின் வரலாறு கூறுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் விமானிகளுள் ஒருவரான அவருடைய துணைவியார் உஷா சுந்தரம், மகன் சின்னி கிருஷ்ணா ஆகியோரும் இப்பணியில் ஈடுபட்டனர். பிரித்தானியாவில் இதே பெயருடன் இயங்கும் அமைப்பு வேறு.

அதே காலத்தில் சட்ட அளவிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அவரே அதன் முதல் தலைவர். பல பத்தாண்டுகள் இவ்வாரியத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது.

மீட்பும் சிகிச்சையும்

வாகனம் மோதிக் கால் ஒடிந்த நாய், புண்ணில் புழு வைத்த மாடு, கிணற்றில் விழுந்த பூனை, மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட காகம் ஆகியவை நகரத்தில் அன்றாடம் காணக்கூடியவை. இவற்றுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லாதபோது, செலவை ஏற்பவரும் இல்லை. விலங்கு நல அமைப்பின் மீட்பு ஊர்தியும் மருத்துவமனையும் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. சிகிச்சை முடிந்த தெருவிலங்கு பழைய இடத்திலேயே விடப்படும். கண்ணிழந்தோ முடமாகியோ தனியே வாழ இயலாதவை காப்பகத்தில் வைத்துப் பேணப்படும்.

மற்றொரு சேவை ஏழைகளின் வளர்ப்பு விலங்குகளுக்கானது. தனியார் கால்நடை மருத்துவமனைகளின் கட்டணம் கூலித் தொழிலாளி ஒருவருக்கு எட்டாதது. சென்னையில் 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், தொண்டு நிறுவனங்களின் வெளிநோயாளர் பிரிவுகளுமே அத்தகையவர்களுக்குத் துணை. இதனை விலங்குக்குச் செய்யும் உதவி என்று மட்டும் கொள்ள முடியாது. தனித்து வாழும் முதியவருக்கு நாயோ பூனையோதான் வீட்டில் உள்ள ஒரே துணை. ஆடு மாடு வைத்துப் பிழைப்பவருக்கோ அதுவே வருமானம்.

பாம்பு, குரங்கு, ஆமை முதலிய காட்டுயிர்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், அவற்றை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தொண்டு நிறுவனமோ தனிநபரோ அவற்றைத் தம் விருப்பப்படி வைத்திருக்க முடியாது.

கருத்தடைத் திட்டம்

நாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் தெருநாய்ப் பெருக்கத்துக்குத் தீர்வு என்று சென்னை மாநகராட்சி நெடுங்காலம் கருதியது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கொன்றும் நாய்கள் குறையவில்லை. இதற்குக் காரணம் உண்டு. நாய் எல்லை வகுத்து வாழும் விலங்கு. ஒரு தெருவின் எச்சில் உணவும் குப்பையும் எத்தனை நாய்களைத் தாங்குமோ, அத்தனை நாய்கள் அங்கே இருக்கும். இருந்தவற்றை அகற்றினால், பக்கத்துத் தெரு நாய்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள்களில் குட்டி ஈனும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். எனவே காலியான இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. அவ்வாறு வரும் புதிய நாய்கள் தடுப்பூசி போடப்படாதவையாகவும் இருக்கும்.

இதற்கு மாற்றாக, கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை 1964-லேயே புளூ கிராஸ் முன்வைத்தது. மாநகராட்சி இதனை ஏற்றுச் செயல்படுத்தத் தொடங்கியது 1996-இல்தான். 2001-இல் நடுவண் அரசு நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதிய விதிகள் வந்தன.

இம்முறையின் படிகள் பின்வருமாறு:

1. நாய்கள் வலையாலோ கையாலோ பிடிக்கப்பட்டு, பிடித்த இடம் குறித்து வைக்கப்படுகிறது.
2. மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை அறுவை செய்யப்படுகிறது. வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படுகிறது.
3. அடையாளமாக ஒரு காதின் நுனி சிறிது வெட்டப்படுகிறது. மயக்கத்தில் இருக்கும்போதே இது செய்யப்படுவதால் நாய்க்கு வலி தெரியாது.
4. புண் ஆறும்வரை கூண்டில் வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே விடப்படுகிறது.

காது நுனி வெட்டப்பட்ட நாயைத் தெருவில் கண்டால், அது கருத்தடை செய்யப்பட்டது என்று அறியலாம். ஆயினும் தடுப்பூசியை உரிய காலத்தில் திரும்பப் போட்டால்தான் பாதுகாப்பு நீடிக்கும்.

வெறிநோய்த் தடுப்பு

வெறிநோய் எனப்படும் ரேபீஸ், வைரசால் வருவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் கடி, கீறல், அல்லது புண்மேல் நக்குதல் வழியாக உடலில் சேர்ந்து, நரம்பு வழியே மூளையை அடைகிறது. பொதுவாக 2 முதல் 3 மாதங்களில் அறிகுறிகள் தோன்றும். சில நாள்களிலும் தோன்றலாம், ஓராண்டு கழித்தும் தோன்றலாம். அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களால் வருவது என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. கடிபடுபவர்களில் குழந்தைகள் மிகுதி. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். இந்த அளவை எட்டுவதற்கு அரசு, தொண்டு நிறுவனம், தெருவாசிகள் ஆகிய மூவரும் தேவை.

நாய் கடித்தால் செய்ய வேண்டியவை:

- ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும்.
- மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது.
- அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம்.
- இரத்தம் வரும்படியான கடிக்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை.
- மருத்துவர் குறித்துத் தரும் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும்.

தத்தெடுப்பும் கைவிடுதலும்

காப்பகங்களில் சேரும் நாய்க்குட்டிகளும் பூனைக்குட்டிகளும் விரும்புவோருக்குத் தத்துக் கொடுக்கப்படுகின்றன. காப்பகத்துக்கு வருபவை தெருவில் பிறந்தவை மட்டுமல்ல. விலை கொடுத்து வாங்கப்பட்ட உயர்சாதி நாய்களும் முதுமை, நோய், வீடு மாற்றம் ஆகிய காரணங்களால் தெருவில் விடப்படுகின்றன. பனிநாட்டு இனமான சைபீரியன் ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வளர்ப்பதும், இடமில்லாத அடுக்கக வீட்டில் பெரிய நாயை வாங்குவதும் பலமுறை இப்படித்தான் முடிகின்றன. தக்க காரணமின்றி விலங்கைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

மாணவர்களுக்கான பணி

பள்ளி கல்லூரிகளில் தவளையை அறுத்துப் பார்க்கும் செய்முறைக்கு மாற்றாக, கணினித் திரையிலேயே தவளையின் உள்ளுறுப்புகளைக் கற்பிக்கும் ‘காம்பியூஃபிராக்’ என்னும் மென்பொருளைப் புளூ கிராஸ் உருவாக்கியது. கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

வரம்புகளும் விவாதங்களும்

இத்தகைய அமைப்புகள் பெரிதும் நன்கொடையை நம்பி இயங்குகின்றன. காப்பகத்தில் இடத்துக்கு மீறி விலங்குகள் சேர்ந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுகள் பரவிக் குட்டிகள் இறக்கின்றன. ஆகவே நகரத்து நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைப்பது எளிதன்று. மறுபுறம், நாய்க்கடியால் பாதிக்கப்பட்டோரின் அச்சமும் கோபமும் நியாயமானவை. கருத்தடைப் பணி விட்டுவிட்டு நடந்தால் நாய்களின் எண்ணிக்கை குறையாது என்பதும் உண்மை.

இந்த விவாதம் 2025-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்ட, ஐயமுள்ள, மூர்க்கமான நாய்களை விடக் கூடாது. உணவளிக்கத் தனியிடம் ஒதுக்க வேண்டும் என்று ஆகஸ்டு 22-இல் நீதிமன்றம் கூறியது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று நவம்பர் 7-இல் ஆணையிட்டது.

பொதுமக்களின் பங்கு

வீட்டு நாய்க்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி ஆண்டுதோறும் போடுதல், மாநகராட்சி உரிமம் பெறுதல், தெருவில் கயிற்றுடன் அழைத்துச் செல்லுதல் ஆகியவை உரிமையாளரின் கடமைகள். தெருநாய்க்கு உணவு வைப்பவர், அதைக் கருத்தடைக்குப் பிடித்துத் தரவும் உதவினால் அப்பணி எளிதாகும். பழகிய கை அழைத்தால் நாய் வலைக்கு ஓடாது. குப்பையைத் தொட்டியில் மூடிப் போடுவதும் நாய்ப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழியே. சென்னையில் காது வெட்டப்படாத நாய்கள் மிகுந்த தெருவைப் பற்றி மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.