வீட்டில் போஜ்புரி, வகுப்பில் தமிழ்: திருப்பூர் பள்ளிகளில் பெற்றோருக்கு என்ன வேலை?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர்டேபிள், செக்கிங், அயர்னிங் என எந்தப் பிரிவுக்குப் போனாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்களைப் பார்க்கலாம். முன்பெல்லாம் பெரும்பாலும் தனியாக வந்தார்கள். இப்போது பலர் குடும்பத்தோடு லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் படிப்பது பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில், தமிழ் வழியில்.

சில மாதங்களிலேயே அந்தப் பிள்ளை கடையில் தமிழில் பேசி பிஸ்கட் வாங்கிவிடும். 'அட, புள்ள கத்துக்கிச்சு' என்று பெரியவர்கள் நிம்மதி ஆகிவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பேசத் தெரிந்தால் போதாதா?

போதாது. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் சகஜமாகப் பேச ஒன்றிரண்டு ஆண்டுகள் போதும். ஆனால் அதே மொழியில் பாடம் படித்து, கணக்கின் கேள்வியைப் புரிந்துகொண்டு, விடை எழுத 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். சரளமாகப் பேசும் பிள்ளை பரீட்சையில் தடுமாறினால் 'மக்கு' என்று முத்திரை குத்துகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இன்னும் காலம் தேவை, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் வேற்றுமொழிப் பள்ளிகள் ஜெயித்தது எப்படி?

1965-ல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் 'எங்கள் பிள்ளைகளுக்கு பிரெஞ்சிலேயே பாடம் நடத்துங்கள்' என்று போராடி ஒரு வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். இதுதான் 'இம்மர்ஷன்' முறை. 1971-ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இதைப் பின்பற்றி ஸ்பானிஷ் வகுப்பு வந்தது.

இதில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. மொழியைத் தேர்ந்தெடுத்தது பெற்றோர். பிள்ளை வீட்டு மொழியில் பேசினாலும் ஆசிரியருக்குப் புரியும். வகுப்பில் எல்லோருமே புதிதாகக் கற்பவர்கள், அதனால் யாரும் பின்தங்கியதாகத் தெரியாது.

கொங்கு நாட்டில் பிள்ளைக்கு நீச்சல் பழக்க, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் கிணற்றில் இறக்குவார்கள். இம்மர்ஷன் அப்படி. குடுக்கை இல்லாமல் தள்ளிவிடுவது வேறு. திருப்பூரில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரும் ஒடியா பிள்ளையின் நிலை பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆசிரியர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும், அந்தப் பிள்ளை சொல்வது அவருக்குப் புரியாது. 'ஹிந்திக்காரப் பசங்க' என்று மொத்தமாகச் சொல்கிறோம். வீட்டில் அவர்கள் பேசுவது போஜ்புரி, மைதிலி, சந்தாலி, வங்காளி என்று எதுவாகவும் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இந்தப் பெற்றோருக்கும் பொருந்தும்.

- வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, டி.சி. தாமதம் என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது.
- வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு.
- பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர்கள் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் விகிதப்படி இடம் தர வேண்டும்.

அதாவது, தமிழ் தெரியாத ஒரு அம்மாவும் அந்தக் குழுவில் உட்காரலாம்.

பிறகு ஏன் வருவதில்லை?

பள்ளி நடக்கும் நேரம்தான் கம்பெனி நேரமும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் இரவு எட்டரை மணி வாக்கில்தான் வெளியே வருவார். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒரு கூட்டம் என்றால் அரை நாள் கூலி போச்சு. வந்தாலும் கூட்டம் முழுக்கத் தமிழில். கடைசியில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிறது. தன் மார்க்கைப் பற்றித் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் பிள்ளை, எதைச் சொல்லும், எதை விடும்?

பெற்றோர் என்ன செய்யலாம்?

வீட்டில் சொந்த மொழியை விடக் கூடாது. 'தமிழ் வரணும்னா நம்ம பேச்சை நிறுத்தணும்' என்பது தவறான யோசனை. ஒரு மொழியில் கதை சொல்லவும் காரணம் விளக்கவும் பழகிய பிள்ளைக்கு, அடுத்த மொழியில் அதைச் செய்வது எளிது. நோட்டைப் பார்த்துப் படிக்கத் தெரியாவிட்டாலும், 'இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?' என்று தன் மொழியில் கேட்பதே பெரிய உதவி. ஆங்கில மீடியத்தில் பிள்ளையைச் சேர்த்த தமிழ்ப் பெற்றோருக்கும் இது அப்படியே பொருந்தும்.

மற்றவர்கள்?

கம்பெனியில் ஹெச்.ஆர்., சூப்பர்வைசர் பொறுப்பில் இருப்பவர்கள், கூட்டம் நடக்கும் நாளில் கூலி பிடிக்காமல் இரண்டு மணி நேரம் பர்மிஷன் தரலாம். இரண்டு மொழியும் தெரிந்த தொழிலாளர் ஒருவரைக் கூடவே அனுப்பலாம். பள்ளி, கூட்டத் தகவலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல், அவர்கள் மொழியில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம்.

எட்டாம் வகுப்போடு நிற்கும் பிள்ளை அடுத்துப் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் அப்பா வேலை செய்யும் அதே கம்பெனி வாசல்தான். அது அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்த வழியா, பாடம் புரியாமல் ஒதுங்கிய வழியா என்பது தொடக்கப் பள்ளியிலேயே முடிவாகிவிடுகிறது.