கஞ்சன்ஜங்காவைத் தைத்த கதை

டார்ஜிலிங்கை அடுத்த டைகர் ஹில்லில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. குல்லாவும் மப்ளருமாக நம்மவர்களும் நிற்கிறார்கள். சூரியன் எழும்போது, 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா சிவந்து, பொன்னிறமாகி, பின் வெள்ளையாகிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் தொடர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால் மலை புற்றுபோல் சிறுத்துவிடுகிறது.

இதற்கு வழி, டெலி லென்ஸால் துண்டு துண்டாக எடுத்துக் கம்ப்யூட்டரில் தைப்பதுதான். ரயில்வே குமாஸ்தாவான நானும் இரண்டு நாள் விடுப்பில் போய், இரவல் காமிராவில் முயன்றேன். அன்று மாலை விடுதியில் நண்பரின் லேப்டாப்பில் தைத்துப் பார்த்தால், வானம் பட்டை பட்டையாகக் கோரைப்பாய் போல இருந்தது. முன்னால் நின்ற மரம் இரண்டாகப் பிளந்திருந்தது!

எங்கே தவறு?

முதல் தவறு, வெளிச்சத்தைக் காமிராவின் பொறுப்பில் விட்டது. பனி நிறைந்த துண்டில் அது வெளிச்சத்தைக் குறைத்தது. காடு நிறைந்த துண்டில் கூட்டியது. வெளிச்ச அளவு, ஃபோகஸ், நிறம் மூன்றையும் பிரகாசமான சிகரத்தைப் பார்த்து முதலிலேயே நிர்ணயித்து, கடைசிவரை மாற்றாமல் வைக்க வேண்டும்.

இரண்டாவது, காமிராவைத் திருப்பிய விதம். ஒரு கண்ணை மூடி, விரலை நீட்டி, தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். விரல் பின்னணியை விட்டு விலகும். காமிராவும் அப்படியே. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை மையமாக வைத்துச் சுழற்ற வேண்டும். 70 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிகரத்துக்கு இதனால் பாதகமில்லை. பக்கத்து மரத்துக்குத்தான் ஆபத்து.

மூன்றாவது, நேரம். 200 மி.மீ. லென்ஸில் காமிராவை நெட்டுவாக்கில் வைத்தால் ஒரு படம் சுமார் 7 பாகையே பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். 60 பாகைக்கு 13 படங்கள் தேவை. நான் ரசித்து ரசித்து எடுத்ததில் முதல் படம் சிவப்பு, கடைசிப் படம் வெள்ளை! ஒளி நிலைத்தபின் சட்டென்று முடிக்க வேண்டும். தாமதித்தால் மேகம் நகரும். வெயில் ஏறினால் காற்றே நெளியும்.

அலங்காரமல்ல, சாட்சி

இவ்வளவு பாடு எதற்கு? 1921-இல் மல்லோரி எவரெஸ்டின் ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்தார். டேவிட் பிரீஷியர்ஸ் 2007-இல் அதே இடத்தில் நின்று எடுத்த படம், பனி எவ்வளவு உருகிவிட்டது என்பதை உலகுக்குக் காட்டியது. 2012-இல் அவர் புமோரி மலையிலிருந்து 477 படங்களைத் தைத்து, சுமார் 380 கோடிப் புள்ளிகள் கொண்ட எவரெஸ்ட் படத்தை உருவாக்கினார்.

தையல் பிசகினால் கம்ப்யூட்டர் அதை மழுப்பி மறைத்துவிடும். படம் அழகாக இருக்கும், சாட்சி பொய்யாகிவிடும். ஆகவே மூலத் துண்டுகளை அழிக்கக்கூடாது.

மறுநாள், வானம் வெளுத்தபின் ஒரே நிமிஷத்தில் 13 படங்களையும் எடுத்தேன். தையல் தெரியவில்லை. அச்சிட்ட படத்தின் பின்புறம் தேதி, மணி, நின்ற இடம், லென்ஸ் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் கழித்து என் மகன் அதே இடத்தில் நின்று எடுக்கட்டும். அப்போதும் பனி இவ்வளவு இருக்குமா என்பதை இரண்டு படங்களும் சொல்லும்.