உளப்பிணியும் மூலக்கலமும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியின் புறத்தை நோக்கி உள்ளே முத்துண்டா என்று சொல்லவல்லார் எவருமிலர். ஆகவே குளிப்பை அறிவிக்கு முன் அதிகாரிகள் சிறிதளவு சிப்பியை எடுப்பித்து, திறந்து, மதிப்பிட்டனர். உளப்பிணியை ஆராய்ந்தோருக்கு அவ்வசதியும் இருக்கவில்லை. ஈரலில் நோயெனில் ஊசியால் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்கலாம். உளப்பிணியின் காரணம் அறிவதற்காக உயிரோடிருப்பவரின் மூளையைக் கிள்ளிப் பார்த்தல் கூடுமோ? இறந்தவரின் மூளையோ நோய் தொடங்கிய விதத்தைக் காட்டாது.

இத்தடையை நீக்க வழி செய்தவர் யப்பானிய அறிஞர் சின்யா யமனாகா. அவர் 2006இல் எலியின் கலங்களிலும் 2007இல் மனிதரின் தோற்கலங்களிலும் நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்தி, அவற்றை மூலக்கலங்களாக்கினார். கருவின் தொடக்கக் கலத்தைப் போல, எவ்வுறுப்பின் கலமாகவும் வளரவல்லது மூலக்கலம். இதற்காக அவருக்கு 2012இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. இன்று நோயாளியிடம் சிறிதளவு இரத்தம் பெற்றாலே போதும். அவருடைய பரம்பரையைத் தாங்கிய நரம்புக்கலங்களைச் சில மாதங்களில் ஆய்வுத்தட்டில் வளர்த்துவிடலாம்.

பயன் என்னவெனின், களிப்பும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைப் பிணிக்கு லிதியம் நன்மருந்து. ஆயினும் சிலருக்கே அது பலிக்கிறது. 2015இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வுநிலையத்தார் இந்நோயாளர் சிலரின் கலங்களிலிருந்து நரம்புக்கலங்களை வளர்த்தனர். அவை அளவுமீறித் துடித்தன. லிதியமிட்டபோது, அம்மருந்தால் முன்பே குணங்கண்டவர்களின் கலங்கள் மட்டுமே அடங்கின! மருந்து பலிக்குமா என்றறிய மாதக்கணக்கிற் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இச்செய்தியின் அருமை தெரியும்.

நமக்கு அண்மையில், பெங்களூரில், நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இரு உயிரியல் ஆய்வுநிலையங்களும் கூடி, நெருங்கிய உறவினர் இருவரோ பலரோ நோயுற்ற குடும்பங்களை ஆராய்கின்றன. மனச்சிதைவு, இருமுனைப் பிணி முதலிய ஐந்து நோய்கள் இதில் அடங்கும். ஒரே வீட்டில் நோயுற்றவரின் கலத்தையும் நலமாயிருப்பவரின் கலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே இதன் சிறப்பு. வளர்ப்பின் குறை, தெய்வக்குற்றம் என்று பழிகேட்டுத் தலைகுனிந்த தாய்மார் எத்தனை பேர்!

ஆனால் தட்டிலுள்ள கலம் மனிதனன்று. அது நினைப்பதுமில்லை, அஞ்சுவதுமில்லை. மேலும், கலம் தொடக்க நிலைக்குத் திரும்புகையில், வாழ்க்கை அதன்மேல் இட்ட அடையாளங்களிற் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. 1990 ஒக்டோபரில் வீடுவாசலைவிட்டு வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களின் துயரையும், 2009 வரை நீடித்த போரில் உற்றாரை இழந்தோரின் துயரையும் அத்தட்டிற் காண முடியாது. அவற்றை அவர்களிடமே இருந்து கேட்டறிதல் வேண்டும்.