பக்கத்து இருக்கையின் பிரேக்

பௌர்ணமி நாள்களில் திருக்கழுக்குன்றத்து மலையைச் சுற்றி மக்கள் கிரிவலம் வருகின்றனர். அவ்வழியே ‘எல்’ பலகை தாங்கிய பயிற்சி மகிழுந்து ஒன்று செல்கையில், குழந்தையொன்று குறுக்கே ஓடினால் பிரேக்கை அழுத்த வேண்டியவர் யார்? பழகுநரா, பயிற்றுநரா? மற்றவர் அழுத்துவார் என இருவருமே ஒரு நொடி காத்திருக்கக்கூடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் வண்டி 11 மீட்டர் கடந்துவிடும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பயிற்சிப் பள்ளி மகிழுந்துகளில் இரட்டைக் கட்டுப்பாட்டு வசதியைக் கட்டாயமாக்கியுள்ளன. கருவி இருந்தால் போதுமா? பிரிட்டனில் பயிற்றுநர் தகுதித் தேர்வில் இடர் மேலாண்மைக்கு 15 மதிப்பெண்கள் உண்டு. அதில் 7 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றவர், கற்பித்தலில் எத்துணைச் சிறந்தவராயினும் தேர்ச்சி பெறார். பொறுப்பு எவ்வாறு பகிரப்படுகிறது என்பதைப் பழகுநர் உணர்ந்துள்ளாரா என்பதும் அங்கு மதிப்பிடப்படுகிறது.

எனவே, வண்டியைக் கிளப்புமுன் பயிற்றுநர் இப்படிச் சொல்வது நலம்: “தம்பி, வேகத்தையும் முன்சாலையையும் நீ பார், பின்னால் வருவதை நானும் கவனிப்பேன். ‘நிறுத்து’ என்றால் உடனே நிறுத்து. நானே பிரேக்கை அழுத்தினால், ஏன் அழுத்தினேன் என்பதை ஓரமாக நிறுத்திப் பேசுவோம்.”

இவற்றுள் இறுதிப் பேச்சே பெரும்பாலும் விடுபடுகிறது. விடுபட்டால், தாம் அழுத்தியதால்தான் வண்டி நின்றது என நம்பும் பழகுநர், உரிமம் பெற்றபின் பக்கத்து இருக்கையில் எவருமில்லாத வண்டியில் ஏறுவார்.