வளைந்த கண்ணாடியில் உருவம் சிறுப்பதும் பெருப்பதும்

கடையின் மூலையில் உயரத்தில் மாட்டும் உப்பிய கண்ணாடியை நம் உறுப்பினர்களில் பலர் வாங்கி வைத்திருக்கிறோம். கேமரா வந்துவிட்ட கடைகளிலும், மின்சாரம் போனாலும் வேலை செய்வது இதுதான் என்று கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அது காட்டுவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நாம் யோசித்ததில்லை.

நம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் இருந்தவர் இந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஓர் அம்மாள் சோப்புக் கட்டியைப் பைக்குள் போட்டதாக எண்ணிக் கேட்டுவிட்டார். அவர் பையைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே போனது அவருடைய மணிபர்ஸ். பல வருட வாடிக்கை அன்றோடு போயிற்று.

தவறு எங்கே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உப்பிய கண்ணாடிக்குப் பள்ளிப் பாடத்தில் குவி ஆடி என்று பெயர். அதன் வளைவின் ஆரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், குவியத் தூரம் அதில் பாதி, 30 செ.மீ. வாடிக்கையாளர் கண்ணாடியிலிருந்து 3 மீட்டர், அதாவது 300 செ.மீ. தள்ளி நிற்கிறார். குவியத் தூரத்தை, இரண்டும் கூட்டிய 330-ஆல் வகுத்தால் பதினொன்றில் ஒரு பங்கு வருகிறது. 165 செ.மீ. உயரமுள்ளவர் 15 செ.மீ. பொம்மையாகிறார். 8 செ.மீ. சோப்புக் கட்டி 7 மில்லிமீட்டர். அதையும் நாம் கல்லாவிலிருந்து, இன்னும் 3 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். அது சோப்பா, பர்ஸா என்று யாரால் சொல்ல முடியும்? ஆறு மீட்டர் தள்ளி நிற்பவரோ இருபத்தொன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடுவார்.

ஆகவே அந்தக் கண்ணாடி ‘அங்கே ஆள் இருக்கிறார், போய்ப் பார்’ என்று சொல்வதற்கு மட்டுமே. குற்றம் சாட்ட அது சாட்சியாகாது. இன்னொன்று: வளைவு ஒன்றாக இருக்கும்போது பெரிய விட்டமாக வாங்கினால் உருவம் பெரிதாகாது, பார்வைக்குள் வரும் இடம்தான் அகலும். உருவம் பெரிதாக வேண்டுமானால் உப்பல் குறைந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்போது மூலைகள் சில மறைந்துபோகும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

வேனில் சரக்கு ஏற்றி கடலூர்–பண்ருட்டி சாலையில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பக்கக் கண்ணாடி குவி ஆடியாக இருந்தால் பின்னால் வரும் பஸ் சிறிதாகத் தெரியும். சிறிதாகத் தெரிவதை நம் மனம் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பலாப்பழ லோடோடு வலப்புறம் ஒடிப்பவர், கழுத்தைத் திருப்பி ஒரு முறை பார்த்துவிடுவது உத்தமம்.

உட்குழிந்த குழி ஆடி வேறு விதம். குவியத் தூரம் 50 செ.மீ. உள்ள சவரக் கண்ணாடியில் முகத்தை 25 செ.மீ.யில் வைத்தால் இரு மடங்காகத் தெரியும். பின்னால் நகர நகர உருவம் பெருத்து, 50 செ.மீ.யை நெருங்கியதும் கலங்கிப்போகும். அதற்கும் அப்பால் தள்ளி நின்றால் தலைகீழ். பழுதென்று திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு இதைப் பொறுமையாக விளக்கலாம். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய ஆடியும் குழி ஆடிதான்! இத்தகைய கண்ணாடியை மட்டும் வெயில் விழும் முகப்பில் அடுக்க வேண்டாம். ஒளி ஒரு புள்ளியில் குவிந்து அட்டைப் பெட்டி பற்றிக்கொள்ளக்கூடும்.

ஜவுளிக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆளுயரக் கண்ணாடி மெல்லியதாக இருந்து, சட்டம் சரியில்லாமல் மேலிருந்து கீழாக நடுவில் உட்குழிந்தால், பார்ப்பவர் உயரமாகவும் ஒல்லியாகவும் தெரிவார். உப்பினால் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார். முதல் வகையில் துணி விற்கும். வீட்டுக் கண்ணாடியில் பார்த்ததும் திரும்பி வரும். நீண்ட நேரான மரச்சட்டம் ஒன்றைக் கண்ணாடியின் மேல் செங்குத்தாக ஒட்டி வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் இடைவெளி விட்டால் குழிவு. நடுவில் மட்டும் தொட்டு மேலும் கீழும் ஆடினால் உப்பல். பின்பலகையைச் சரிசெய்து மாட்டினால் போதும்.